மன்னார்க் கரையும் விவிலியத் தமிழும்

ஈழத்தின் வடமேற்கே, பெருநிலத்தினின்றும் ஆழமில்லாத குறுகிய கடலாற் பிரிக்கப்பட்டு, இராமேசுவரத்தை நோக்கி நீண்டு கிடப்பது மன்னார்த் தீவு. அதன் எதிர்க்கரையிலே மாதோட்டம் உள்ளது. ஆங்குப் பாலாவியின் கரையில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் விளங்குகின்றது. முத்தும் சங்கும் விளைந்த அக்கடலை நாடிப் பண்டுதொட்டுப் பல நாட்டார் வந்தனர். பள்ளிமுனையில் இன்றும் நிற்கும் பெருக்கமரம் அராபிய வணிகர் கொணர்ந்து நட்டதென்பர். வேற்று நிலத்து வித்தாயினும் மன்னாரின் மணலிலே வேரூன்றி அது மன்னாரின் மரமே ஆயிற்று.

மரங்கள் மட்டுமன்றிச் சொற்களும் அக்கரையில் வந்திறங்கின. அவற்றுள் ஒரு தொகுதி கிறித்தவ மறையின் சொற்கள். அவை தமிழாகிய வரலாறு நானூறு ஆண்டுக்கு மேற்பட்டது. அது கிறித்தவர்க்கு மட்டும் உரிய வரலாறு என்று ஒதுக்கிவிடற்பாலதன்று. சைவத் தமிழறிஞரின் உழைப்பும் அதனுட் கலந்துள்ளது. ஒரு சமயத்தின் உண்மையை மற்றொரு மொழியிற் பெயர்ப்பவன் எதற்கு உண்மையாயிருத்தல் வேண்டும்? பெயர்க்கப்பட்ட சொல் எப்பொழுது மக்களின் நெஞ்சில் வேர்கொள்ளும்? இவ்விரு வினாக்களுக்கும் மன்னார்க் கரையின் வரலாறு விடை தருகின்றது.

பிரான்சிஸ்கு சவேரியார் 1542 ஆம் ஆண்டு மே மாதத்திற் கோவையை அடைந்து, அவ்வாண்டு ஒக்டோபரிலே தென்பாண்டி முத்துக்குளித்துறைக்கு வந்தார். நவார நாட்டிற் பிறந்த அவர்க்குத் தமிழ் தெரியாது. அக்கரையிலிருந்த பரதவர் பல்லாயிரவர் அதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். முத்துக் குளிப்பிலே தமக்கிருந்த உரிமைக்குப் பகைவரால் இடையூறு நேர்ந்தபொழுது போர்த்துக்கேயரின் காவலை வேண்டி அவர்கள் புதிய சமயத்தைத் தழுவினர். தழுவிய சமயம் இன்னதென்று அவர்க்கு விளக்குவார் எவருமிலர். சவேரியார் தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்த சிலரைக் கூட்டி, பல நாள் முயன்று, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழிற் பெயர்ப்பித்து மனனஞ் செய்தார். பின் கையில் மணி ஒன்றை ஏந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் திரட்டி அவற்றைக் கற்பித்தார்.

அம்மொழிபெயர்ப்பிலே பிழைகள் இருந்தன. அவற்றை மறைக்காது வெளியிட்டவர் சவேரியாரே. 1544 இல் தம் உடனுழைப்பாளராகிய மன்சில்யாசு என்பார்க்கு எழுதிய திருமுகத்தில், விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று இதுகாறும் சொல்லிவந்ததைத் திருத்தி 'விசுவாசம்' என்னும் சொல்லை இடும்படி அவர் பணித்தார். முன்னைய சொல் விருப்பத்தைக் குறிப்பது, பின்னையதே நம்பிக்கையைக் குறிப்பது என்று காரணமும் கூறினார். கிறித்து பட்ட பாடுகளைச் சொல்லுமிடத்தில், பலவந்தத்தாற் பட்டதாகப் பொருள் தரும் சொல்லையும் விலக்குமாறு எழுதினார். அப்பாடுகள் அவர் தாமே மனமுவந்து ஏற்றவை என்பது கிறித்தவக் கொள்கையாதலின்.

இஃது ஒரு சிறு திருத்தம்போலத் தோன்றும். ஆயினும் ஆழ்ந்து நோக்குவார்க்கு இதனுள் ஒரு சமய வரலாறே அடங்கியிருத்தல் புலனாகும். காவல் வேண்டித் திருமுழுக்குப் பெற்ற மக்களின் வாயிலே 'எனக்கு வேணும்' என்னும் சொல் பொய்யாய் இருக்கவில்லை. அவர்களின் அன்றைய நிலையை அது உள்ளவாறே உரைத்தது. வேண்டுதலினின்றும் விசுவாசத்திற்குச் செல்லும் வழி எல்லாச் சமயத்தார்க்கும் உள்ள வழியாகும். நோய் தீரவும் செல்வம் பெருகவும் கோயில் வாயிலில் நிற்கும் அடியவன், ஒருநாள் எதனையும் வேண்டாது இறைவனையே நினைந்து நிற்கும் நிலையை எய்துகின்றான். சைவம் கூறும் பக்குவமும் அதுவே. ஒரு சொல்லைத் திருத்தியவர் அம்மக்கள் சென்றடைய வேண்டிய இடத்தையும் சுட்டிவிட்டார் எனலாம்.

அச்சொல்லின் விலை அதே ஆண்டிலே மன்னாரிற் புலப்பட்டது. மன்னார்த் தீவிலிருந்த கரையோர மக்கள் சவேரியாருக்கு அழைப்பு விடுத்தனர். அவர் தாம் செல்லவியலாது வேறொரு குருவை அனுப்பினார். பலர் திருமுழுக்குப் பெற்றனர். யாழ்ப்பாண அரசனாகிய சங்கிலி, தன் குடிகள் போர்த்துக்கேயரின் சமயத்திற் சேர்வது தன் ஆட்சிக்கே கேடாகுமென்று அஞ்சிப் படையொடு வந்து அவர்களைக் கொன்றான். இறந்தோர் 600 பேருக்கு மேற்பட்டவர் என்பது மரபு. அவர்களின் நினைவாகத் தோட்டவெளியில் ஆலயமொன்று உள்ளது. காவலையே வேண்டினாராயின், அவர்கள் வேண்டியது கிடைக்கவில்லை. காக்க ஒருவரும் வந்திலர். விசுவாசம் ஒன்றே அவர்களின் கையில் எஞ்சியது.

சங்கிலியின் வாளைக் கூறுமிடத்துப் போர்த்துக்கேயரின் வாளைக் கூறாது விடுதல் நடுநிலையன்று. 1560 இல் கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா என்னும் அரசப் பிரதிநிதி பெரும்படையுடன் வந்து யாழ்ப்பாணத்தைத் தாக்கினான். மன்னாரைக் கைப்பற்றி அங்கே கோட்டை அமைத்தான். திருக்கேதீச்சரத்தின் கற்கள் அக்கோட்டைக்குச் சென்றன என்பது அவ்வூரார் வழிவழி கூறிவருவது. போர்த்துக்கேயர் ஆட்சியில் வடபகுதியின் கோயில்கள் பல இடிக்கப்பட்டன. வாளால் நிகழ்ந்த இருவகைக் கொடுமையும் மன்னார் மண்ணிலே பதிந்துள்ளன. வாளால் ஆயது எதுவும் நிலைக்கவில்லை. பொறுமையோடு கற்கப்பட்ட மொழியால் ஆயதே நிலைத்தது.

அப்பொறுமைக்குச் சான்றாக விளங்குபவர் அண்டிரிக்கிப் பாதிரியார் எனத் தமிழர் அழைத்த என்றீக்கு என்றீக்கசு அடிகள். 1520 இல் போர்த்துக்கல்லின் விலா விசோசாவிற் பிறந்த இவர் யூத மரபினர். அக்காரணம்பற்றியே ஒரு துறவற சபையினின்றும் நீங்க நேர்ந்து, பின் இயேசு சபையிற் சேர்ந்தவர். முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழை எழுதவும் பேசவும் கற்றார். ஐரோப்பியர்க்கெனத் தமிழ் இலக்கணமும் இயற்றினார். புன்னைக்காயற் பரதவர் பலர் 1560 ஐ அடுத்து மன்னாருக்குக் குடியேற்றப்பட்டபொழுது இவரும் மன்னாரிலிருந்து பணிபுரிந்தார். மன்னாரிலேனும் புன்னைக்காயலிலேனும் தமிழ் உயர்கல்விக்கு ஓர் இடம் அமைய வேண்டுமென்பது இவரின் விருப்பமாயிருந்தது.

சவேரியார் வழிவந்த மறைக்கல்விச் சுருக்கத்தை இவர் தமிழாக்க, அது 1578 ஒக்டோபர் 20 இல் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' என்னும் பெயரோடு அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறுநூல் இந்திய மண்ணில் இந்திய எழுத்திலே அச்சான முதல் நூலாகும். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586 இல் அடியார் வரலாறுகளைக் கூறும் பெருநூல் வெளிவந்தது. அச்சுச் செலவுக்குப் பரதவ மக்கள் பொருள் உதவினர். அந்நூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஏட்டுச் சுவடியின் வழக்கமே அச்சிலும் தொடர்ந்தது. முதல் நூலின் பெயரும் நோக்கற்பாலது. 'தம்பிரான்' என்பது சிவபெருமானையும் சைவத் துறவியரையும் குறித்து வழங்கிய சொல். வந்த சமயம் தன் இறைவனுக்குப் பெயர்தேடிச் சைவத்தின் வாயிலிலேயே வந்து நின்றது.

ஆயினும் அவை மன்றாட்டு நூல்களும் அடியார் வரலாறுகளுமேயன்றி விவிலியம் அல்ல. விவிலியம் ஏன் அன்று தமிழில் வரவில்லை என்பதை அறிதற்கு அக்குருமார் புறப்பட்டு வந்த ஐபீரியத் தீபகற்பத்தை நோக்குதல் வேண்டும். ஸ்பானியாவிலே விவிலியத்தை மக்கள் மொழியிற் பெயர்ப்பது அக்காலத்திற் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. 1543 இல் புதிய ஏற்பாட்டை ஸ்பானிய மொழியில் அந்துவெர்ப்பு நகரிலே அச்சிட்ட பிரான்சிஸ்கோ டி என்சினாசு சிறைப்பட்டார். 1559 இல் வெளியான தடைநூற் பட்டியல் மக்கள்மொழி விவிலியங்களை விலக்கியது. சல்மான்காப் பேராசிரியராகிய லூயிசு டி லெயோன், உன்னதப்பாட்டை ஸ்பானிய மொழியிற் பெயர்த்தமையும் குற்றங்களுள் ஒன்றாகச் சாட்டப்பட்டு, 1572 முதல் 1576 வரை சிறையிற் கிடந்தார். செவில் நகரின் அருகே துறவியாயிருந்த கசியோதோரோ டி ரெயினா 1557 இல் நாட்டைவிட்டு ஓடினார். 1562 இல் அவரின் உருவப்பொம்மையை அந்நகரிலே எரித்தனர். அவர் ஊர் ஊராய் அலைந்து பல்லாண்டு உழைத்து, முழு விவிலியத்தையும் 1569 இல் பாசெல் நகரில் வெளியிட்டார். சிப்ரியானோ டி வலேரா அதனைத் திருத்தி 1602 இல் அம்ஸ்ரடாமிலே பதிப்பித்தார். ஸ்பானிய மண்ணிலேயே கத்தோலிக்க சபையின் இசைவோடு முழு விவிலியம் ஸ்பானிய மொழியில் அச்சாக 1790 ஆம் ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு வியப்புத் தோன்றும். தாய்மொழியில் மறைநூலைப் படித்தல் ஐபீரிய நாட்டில் ஐயத்திற்குரியதாயிருந்த அதே காலத்தில், அங்கிருந்து வந்த குருமார் முத்துக்கரையிலே தாய்மொழியை நாடியே தீரவேண்டியதாயிற்று. தாய்மொழியின்றிச் சமயம் நெஞ்சிற் புகாது என்பதை அவர்க்குக் கற்பித்தவர் பரதவரும் கரையோர மக்களுமே. கற்பிக்க வந்தோர் கற்றுக்கொண்டனர்.

அப்பாடத்தின் உண்மையைக் காலம் சோதித்தது. 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் வழிபாடு தடைசெய்யப்பட்டது. மாதோட்டத்துக் கத்தோலிக்கர் சிலர் 1670 இல் மாதாவின் திருவுருவைச் சுமந்துகொண்டு காட்டினுட் சென்று மடுவிலே தங்கினர். இன்று சமய வேறுபாடின்றி மக்கள் கூடும் மடுத்திருத்தலம் அவ்வாறு தோன்றியதே. 1687 இல் கோவையிலிருந்து யோசே வாசு அடிகள் மாறுவேடத்தில் ஈழத்துக்கு வரும்வரை ஏறத்தாழ முப்பதாண்டு காலம் அம்மக்களை நடத்தக் குரு இல்லை. நூலும் அரிது. நெஞ்சிற் பதிந்த தமிழ்ச் செபங்களே அவர்கட்குத் துணை. இலத்தீனத்தில் மட்டும் கேட்ட சொற்களாயிருப்பின் குருவோடு அவையும் போயிருக்கும். தாய் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத்தக்க மொழியில் இருந்தமையின் அவை பிழைத்தன.

வாசு அடிகளுக்குத் துணையாக 1705 இல் தலைமன்னாரில் வந்திறங்கியவர் யாக்கோமே கொன்சால்வெசு அடிகள். கொங்கணியரான இவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் நூல்கள் இயற்றினார். விவிலிய வரலாற்றைத் தமிழிற் கூறும் தம் நூலுக்குத் 'தேவ அருள் வேத புராணம்' என்று பெயரிட்டார். புராணம் கேட்டுப் பழகிய செவிகளுக்குப் புராணம் என்றே கொடுத்தமை அவரின் நுண்ணறிவைக் காட்டும். அவர் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' வடபகுதிக் கத்தோலிக்க ஊர்களிலே தவக்காலத்தில் உருக்கமாக ஓதப்பட்டு வந்தது. மன்னார் மக்களோ இன்னும் ஒருபடி மேற்சென்று, விவிலியக் கதைகளையும் அடியார் கதைகளையும் வாசாப்பாகவும் நாட்டுக்கூத்தாகவும் பாடி ஆடினர். அறிஞர் ஏட்டிற் பெயர்த்ததை மக்கள் வட்டக்களரியிற் பெயர்த்தனர் எனலாம்.

விவிலியமே தமிழிற் பெயர்க்கப்பட்ட வரலாறு தரங்கம்பாடியில் தொடங்குகின்றது. லூத்தரன் சபையினரான சீகன்பால்கு ஐயர் 1708 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அது 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அச்சாகியது. இந்திய மொழிகளுள் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிற் பெற்றது தமிழே. சபையால் வேறுபட்டவராயினும் அவர் முன்னைய கத்தோலிக்க நூல்களிலிருந்து சமயச் சொற்களைக் கற்றார். எனவே, முத்துக்கரையில் 1544 இல் திருத்தப்பட்ட 'விசுவாசம்' என்னும் சொல் மாறுபட்ட சபைகளின் எல்லையைக் கடந்து நடந்தது. ஈழத்தில், கொழும்பிற் பிறந்து அங்கிருந்த ஒல்லாந்தர் குருமடத்திற் கற்ற இந்நாட்டவரான பிலிப்பு டி மெல்லோ, கிரேக்க மூலத்தை நோக்கிப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1759 இல் கொழும்பிலே அச்சேறியது. அவரின் பிற்காலப் பணி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது.

அதே யாழ்ப்பாணத்திலே அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் உச்சம். வெஸ்லியன் சபையினரான பேர்சிவல் பாதிரியார் முழு விவிலியத்தையும் புதிதாகத் தமிழாக்க முயன்றபொழுது, அவர்க்குத் துணையாய் அமைந்தவர் அவரின் பாடசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியராயிருந்த நல்லூர் ஆறுமுகநாவலர். 1822 இல் பிறந்த நாவலர்க்கு அப்பொழுது இளம்பருவம். சைவ அநுட்டானத்தினின்றும் ஒருநாளும் வழுவாதவராகவே அப்பணியை அவர் செய்தார். 1847 ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் துணைசெய்த விவிலியம் 1850 இல் சென்னையில் அச்சாகியது. மூலநூலைச் சாரும் சபையிற் சேராத ஒருவர் அந்நூலுக்குத் தமிழ்நடை நல்கினார்.

இதனை முரண்பாடு என்று கருதுவாரும் உளர். சைவத்தைக் காக்க எழுந்தவர் பிறசமய நூலுக்கு எங்ஙனம் கைகொடுத்தார் என்பது அவர்களின் வினா. இதற்கு ஸ்பானிய வரலாற்றிலேயே ஓர் ஒப்புமை உண்டு. ரெயினாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னர், கலத்திராவா வீரசபைத் தலைவராகிய லூயிசு டி குஸ்மான், எபிரேய மறையை ஸ்பானிய மொழியிற் பெயர்த்துத் தருமாறு மோசே அராகெல் என்னும் யூத ரபியை 1422 இல் வேண்டினார். அராகெல் முதலில் மறுத்தார். யூதர் கொள்ளும் பொருளும் கிறித்தவர் கொள்ளும் பொருளும் பலவிடத்து வேறுபடுமாதலின் தமக்கு இடர்வரும் என்று அஞ்சினார். வற்புறுத்தப்பட்டபின் இசைந்து, பல்லாண்டு உழைத்து, இரு சாராரின் பொருளையும் தத்தம் இடத்தில் வைத்து முடித்தார். ஆல்பா விவிலியம் எனப் பெயர்பெற்ற அச்சுவடி மத்திரித்து நகரில் இன்றும் உள்ளது. ரபி தம் சமயத்தை விட்டாரல்லர். தம் வேலையிற் பொய்யும் செய்தாரல்லர்.

நாவலரின் நிலையும் அத்தகையதே. மொழிபெயர்ப்பாளன் மூலநூலை நம்பவேண்டும் என்பது நியதியன்று; அதனைத் திரியாது உரைத்தலே அவனுக்குரிய அறம். பிறர் நூலைக் குறைவுபடக் காட்டித் தம் சமயத்தை உயர்த்த நாவலர் விரும்பவில்லை. பிறர் நூலைச் செம்மையுறக் கற்றமையாலேயே அவரின் மறுப்பும் வலிமை பெற்றது. 1854 இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலிற் சைவக் கிரியைகளை இகழ்ந்தோர்க்கு அவர்களின் பழைய ஏற்பாட்டிலிருந்தே அவர் விடை கூறினார். பெரியபுராணத்தை 1852 இல் வசனமாகத் தந்த அக்கையிலே, விவிலிய வேலையிற் பெற்ற பயிற்சியும் இருந்தது. பின்னர் 1872 இல், மன்னார்க் கரையிலே மறைந்து கிடந்த திருக்கேதீச்சரத்தை மீட்டெடுக்குமாறு சைவமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தவரும் அவரே. விவிலியத் தமிழுக்கு உழைத்தவரே இடிந்த சிவாலயத்துக்கும் குரல்கொடுத்தார். தன் மரபிலே உறுதியாக நிற்பவனுக்குப் பிறர் நூலைத் தொடுதலில் அச்சமில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1850 ஆம் ஆண்டுப் பதிப்பை எல்லாச் சபையும் ஏற்கவில்லை. போவர் ஐயரைத் தலைமையாகக் கொண்ட குழுவினரின் திருத்தம் 1871 இல் முழுமையுற்று நெடுங்காலம் வழங்கலாயிற்று. கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் ஒன்றுகூடிச் செய்த 'திருவிவிலியம்' 1995 இல் வெளிவந்தது. இவற்றினூடே இறைவனுக்கு இட்ட பெயர் மாறிக்கொண்டே வந்தது. 1578 இல் தம்பிரான். சீகன்பால்குவின் நூலிற் சருவேசுரன். பபிரீசியுசு ஐயரின் நூலிற் பராபரன். 1871 இல் தேவன். 1995 இற் கடவுள். ஒவ்வொன்றும் இந்நாட்டுச் சமயத்தார் முன்னரே வழங்கிய சொல். ஒன்றேனும் அப்பொருளை முற்ற அளந்துவிட்டதாக மொழிபெயர்த்தோர் எண்ணவில்லை போலும். 'விசுவாசம்' என்னும் சொல்லுக்கும் இன்று 'நம்பிக்கை' பலவிடத்து வந்துள்ளது. சவேரியார் தொடங்கிய திருத்தம் இன்னும் முடியவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து எச்சமயத்தாரும் கொள்ளத்தக்கன மூன்று. தன் பிழையைத் தானே கண்டு திருத்துவோனிடத்தே மறைமொழி தங்கும் என்பது ஒன்று. தாய்மொழியிற் கலந்த வழிபாட்டை அரசரும் தடையும் அழிக்கவியலா என்பது மற்றொன்று. பிறர் மறையைத் திரிக்காது உரைக்கும் நேர்மை தன் மறைக்குச் செய்யும் தொண்டின் வேறன்று என்பது மூன்றாவது. மன்னாரின் கோட்டை இன்று பாழ்பட்டு நிற்கின்றது. சங்கிலியின் அரசும் இல்லை. ஆயின் மடுவின் காட்டிலும் பாலாவியின் கரையிலும் மக்கள் இன்றும் தமிழிலேயே இறைவனை அழைக்கின்றனர். வேண்டுதலாகத் தொடங்கும் அவ்வழைப்பு, என்றேனும் ஒருநாள் விசுவாசமாய்க் கனியும்.